பதினொரு மணி மிஸ்டு கால்

எனக்கு எழுபத்தாறு வயது. நான்கு பேரை வளர்த்தேன். இரண்டு பேர் நான் பெற்றவர்கள், இரண்டு பேர் என் தங்கை விட்டுவிட்டுப் போனவர்கள். நான்கு பேருக்கும் ஒரே பானைச் சோறுதான், யாருக்கும் கூடக் குறைய வைத்தது கிடையாது. தங்கை பிள்ளைகள் திருப்பூரில் குடும்பமாக இருக்கிறார்கள். என் மகன் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வேலை பார்க்கிறான். மகள் அயர்லாந்தில் நர்ஸ். நான் ராஜபாளையத்தில், அவர்கள் நான்கு பேரும் படுத்துப் புரண்ட அதே வீட்டில் தனியாக இருக்கிறேன். பரிதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. மகன் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறான், நான்தான் போகவில்லை. என் அடுப்பில் நான் பொங்கிச் சாப்பிடுகிறவரை என்னை யாரும் பாவம் என்று சொல்ல வேண்டாம்.

படித்தது மூன்றாம் வகுப்பு. பைபிளை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். பஸ்ஸில் போட்டிருக்கும் ஊர்ப் பெயர் தெரியும். கையெழுத்துப் போடுவேன். மில்லில் சம்பளம் வாங்கும்போது விரலில் மை தடவாமல் பேனா பிடித்த பெண்கள் எங்கள் பக்கத்தில் கொஞ்சம் பேர்தான், அதில் நான் ஒருத்தி. ஆங்கிலம் மட்டும் வராது. அதை ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

மகள் வெளிநாடு போன வருடம், மகன் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து தையல் மிஷின் இருந்த மூலையில் வைத்தான். அதில் ஒரு நீல வட்டம் இருந்தது. அதை அமுக்கினால் மகளுடைய சின்னப் போட்டோ வரும். போட்டோவை அமுக்கினால் தண்ணீருக்குள் குமிழி விடுகிற மாதிரி ஒரு சத்தம் போகும். அவள் எடுத்தால் முகம் தெரியும். இதற்குக் காசே கிடையாது, எம்புட்டு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் என்றான். காசு வாங்காமல் எவன் கடை வைப்பான் என்று கேட்டேன். அதெல்லாம் உனக்கு விளங்காதும்மா என்று சொல்லிவிட்டான். அவனுக்கும் விளங்கவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

காசு இல்லை சரி, நேரம் யாரிடம் இருக்கிறது? அவளுக்கு ஆஸ்பத்திரி, அது முடிந்தால் வீடு, கைப்பிள்ளை. அதனால் ஞாயிற்றுக்கிழமை நான் சபையில் ஆராதனை முடிந்து வந்த பிறகு பேசுவது என்று வைத்துக்கொண்டோம். மற்ற நாளெல்லாம் மிஸ்டு கால்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு மிஸ்டு காலைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பஸ் ஏறியதும் ஒன்று, இறங்கியதும் ஒன்று. மோட்டாரை நிறுத்து என்பதற்கு ஒன்று. வாசலில் வந்து நிற்கிறேன், கதவைத் திற என்பதற்கு ஒன்று. எடுக்காமலே சொல்லியாகிவிடும். நானும் மகளும் அப்படித்தான் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். இங்கே நான் சமையலை முடிக்கிற பதினொரு மணி அவளுக்கு விடிகிற நேரம். நான் ஒரே ஒரு தரம் அடிக்கவிட்டு கட் பண்ணுவேன். அம்மா நன்றாக இருக்கிறேன், நீ எழுந்திரு என்று அர்த்தம். அவள் குளித்து உடுத்தி, வீட்டைப் பூட்டும்போது ஒரு தரம் அடித்து கட் பண்ணுவாள். எழுந்தேன், கிளம்பிவிட்டேன் என்று அர்த்தம். குளிர்காலத்தில் அந்த ஊரில் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் திருப்பி வைப்பார்களாம். அப்போது நானும் சமையலை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்வேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதில் அவளை எழுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். போர்வையை உருவினால் பாயைச் சுருட்டிக்கொண்டு தூங்குவாள். மில்லில் முதல் சங்கு ஊதிவிடும், நான் ஒரு கையில் தூக்குச் சட்டியும் மறு கையில் அவள் தோளுமாக நிற்பேன். அந்தப் பிள்ளையைத்தான் கடல் தாண்டி இருந்துகொண்டு தினமும் எழுப்பினேன். அவள் வீட்டில் அலாரம் இருக்கும். இருந்தாலும் நான் அடித்த பிறகுதான் எழுந்திருப்பதாக அவளே சொல்லியிருக்கிறாள்.

ஏற்பாட்டில் இன்னொன்றும் உண்டு. கட் ஆகாமல் நீளமாக அடித்தால் எடுக்க வேண்டும். எதற்கு என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை, இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒரே ஒரு தரம்தான் அப்படி நீளமாக அடித்தது. பிள்ளைகளின் அப்பா இறந்த அன்றைக்கு. மகன்தான் அடித்தான். அவளுக்கு விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம், பாஸ்போர்ட் கையில் இல்லை, கிளம்ப முடியவில்லை. மகன் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை யாரிடமோ வாங்கி வந்து சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தான். நீல வட்டத்துக்குள் இருந்துகொண்டு அவள் தகப்பனைப் பார்த்தாள். கல்லறைத் தோட்டத்துக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். மண் போடும்போது வெயில் பட்டு அவளுக்கு ஒன்றும் தெரியவில்லையாம். யாரோ வேட்டியைப் பிடித்து நிழல் காட்டினார்கள். அதற்குள் மூடியாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பதினொரு மணி எனக்கு முக்கியமாகிப் போனது. அவர் இருந்தவரை வீட்டில் ஒரு இருமலாவது கேட்கும். இப்போது நான் பாத்திரத்தை வைக்கிற சத்தம்தான். காலையில் எழுந்து, சமைத்து, பதினொன்றுக்கு அடித்து, அவள் அடிக்கும்வரை கம்ப்யூட்டருக்கு எதிரே ஏதாவது கீரையை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த ஒரு குமிழிச் சத்தம் வந்துவிட்டால் என் நாளுக்கு ஒரு சாப்பாடு ஆன மாதிரி.

அவர் இருந்த காலத்திலேயே நடந்த ஒன்றை விட்டுவிட்டேன். ஒரு நாள் மகன் பேப்பரும் கையுமாக வந்தான். நாம் பேசுகிற இந்த நீல வட்டத்தை ஒரு பெரிய கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது என்றான். எத்தனையோ ஆயிரம் கோடி என்று சொன்னான்.

"அதுல நம்ம பேசினதும் சேத்தியாலே?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். பெரிய கம்பெனி, இனிமேல் இன்னும் நன்றாக இருக்கும், படம் பளிச்சென்று தெரியும் என்றான். அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எங்கள் மில் கைமாறியதை இரண்டு பேரும் கூட இருந்து பார்த்தவர்கள். முதலாளி மாறினால் முதலில் ஒன்றும் மாறாது. கேட்டுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். பொங்கலுக்கு இனிப்புக் கொடுப்பார்கள், அதுவும் பழைய முதலாளி கொடுத்ததைவிடப் பெரிய டப்பா. பிறகு ஷிப்ட் நேரத்தை மாற்றுவார்கள். பிறகு இருந்த சாமானை இடம் மாற்றுவார்கள், நேற்றுவரை கண்ணை மூடிக்கொண்டு போன வழியில் இன்றைக்கு முட்டிக்கொள்வோம். வேறு இடத்தில் அவர்களுக்கு இதைவிடப் பெரிய மில் இருக்கும். ஒரு நாள் நம்மை அங்கே போகச் சொல்வார்கள். சங்கு ஊதாது.

இங்கேயும் ஏறக்குறைய அப்படித்தான் ஆனது, ரொம்ப மெதுவாக. வருடக்கணக்கில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. படம் பளிச்சென்றுதான் இருந்தது. பிறகு மகளுடைய போட்டோ இடது பக்கத்திலிருந்து எங்கேயோ போனது. தேடிக் கண்டுபிடித்தேன். பிறகு ஒரு நாள் பழைய பாஸ்வேர்டு செல்லாது, புதுக் கம்பெனிக் கணக்கில் சேர வேண்டும் என்று கேட்டது. மகன் வந்து சேர்த்துவிட்டுப் போனான். கம்ப்யூட்டர் பழுதானதும் அதே நீல வட்டத்தை ஒரு சின்ன செல்போனில் போட்டுக் கொடுத்தான். குமிழிச் சத்தம் மட்டும் மாறாமல் இருந்தது, அது போதும் என்று இருந்தேன். போன வருடம் ஒரு கட்டம் வர ஆரம்பித்தது. ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருக்கும், மூலையில் பெருக்கல் குறி. அதை அமுக்கினால் போய்விடும். தினமும் வந்தது, தினமும் அமுக்கினேன். நல்ல வேளை, ஒரு சனிக்கிழமை பேத்தி வந்திருந்தபோது அதைப் பார்த்துவிட்டாள். மகனுடைய மகள், பிளஸ் டூ படிக்கிறாள்.

"அப்பத்தா, இத மூடப் போறாங்களாம். வேற ஒன்னுக்கு மாறச் சொல்லுதாங்க."

நான் எத்தனை தரம் பெருக்கல் குறியை அமுக்கினேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

மாறச் சொன்ன இடம் ஆபீஸ்காரர்கள் மீட்டிங் போடுவதற்காகச் செய்தது. எல்லோரும் செல்போனில் வைத்திருக்கும் பச்சை நிறத்தையே போட்டுவிடலாம் என்று மகன் சொன்னான். மகள்தான் வேண்டாம் என்றாள். அவள் ஆஸ்பத்திரியிலும் அந்த மீட்டிங் சமாச்சாரத்தில்தான் வேலையாம், எப்போதும் திறந்தே இருக்கும், அம்மா அடித்தால் தவறாது என்றாள். இருந்த சின்ன செல்போனும் பழையதாகிவிட்டது. மகன் ஒரு பெரிய செல்போன் வாங்கி அதில் போட்டுக் கொடுத்தான். சத்தமும் வேறு. குமிழி இல்லை, ஏதோ லிப்ட் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. பிடித்து என்ன ஆகப்போகிறது.

பழையதில் கட் பண்ணுகிற சிவப்பு வட்டம் அடியில், நடுவில் இருக்கும். என் விரல் அந்த இடத்துக்குத் தானாகப் போகும், நான் பார்ப்பதுகூட இல்லை. புதியதில் அந்த இடத்தில் மைக் படம் இருந்தது. அதை அமுக்கினால் நம் சத்தம் அந்தப் பக்கம் போகாது, அவ்வளவுதான். கட் ஆகாது. மகன் சொல்லித்தான் கொடுத்தான். முதல் சில நாள் பார்த்துப் பார்த்துச் செய்தேன். பழகிவிட்டது என்று நினைத்த பிறகுதான் தப்பு நடந்தது.

அன்றைக்கு மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டிருந்தேன். ரசத்தை இறக்கி வைத்தேன், பதினொன்று ஆனது, அடித்தேன், விரல் போன இடத்தை அமுக்கினேன், போனை அரிசி டிரம் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் புறவாசலுக்கு முருங்கைக்கீரை ஒடிக்கப் போய்விட்டேன். அது அங்கே கட் ஆகாமல் நீளமாக அடித்திருக்கிறது.

நீளமாக அடித்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியுமே. பதறி எழுந்து எடுத்திருக்கிறாள். எடுத்தால் இருட்டு. போன்தான் கவிழ்ந்து கிடக்கிறதே. நான் மைக்கை அமுக்கியதால் மோட்டார் ஓடுகிற சத்தம்கூட அவளுக்குப் போகவில்லை. அம்மா, அம்மா என்று கத்தியிருக்கிறாள். அவள் கத்தியது அரிசி டிரம்முக்குத்தான் கேட்டிருக்கும். விழுந்துவிட்டேன், விழும்போது போனைப் பிடித்திருக்கிறேன், அதோடு போய்விட்டேன் என்று அவளே முடிவு பண்ணிக்கொண்டாள். நர்ஸ் அல்லவா, எப்படி விழுவார்கள், எத்தனை நேரம் தாங்கும் என்பதெல்லாம் நம்மைவிட அவளுக்கு அதிகம் தெரியும். உடனே என் மகனுக்கு அடித்திருக்கிறாள், அவன் எதிர்வீட்டுக்கு அடித்திருக்கிறான்.

நான் கீரையை மடியில் கட்டிக்கொண்டு உள்ளே வரவும், முன்வாசலை யாரோ சாவி போட்டுத் திறக்கவும் சரியாக இருந்தது. எதிர்வீட்டு அம்மா. தெலுங்கு பேசுகிறவள், என்னை வதினா, அதாவது அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அவளிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறேன். தலை விரிந்து கிடக்க, கையில் மாவோடு நின்றாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வதினா, நீங்க இருக்கீங்களா?"

"இருக்கேன். எங்க போவேன்?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். செத்த நேரத்தில் தெருவே வந்துவிட்டது. மகன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பைக்கில் வந்து இறங்கினான், முகம் பார்க்க முடியவில்லை. வரும் வழியிலேயே அவன் சபைக்கும் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. எங்கள் சபையில் யாராவது இறந்தால் கோயில் மணியை விட்டு விட்டு அடிப்பார்கள். மணி அடிக்கிறவர் சைக்கிளில் வந்து வாசலில் ஒரு காலை ஊன்றி நின்றார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"அப்ப மணி அடிக்க வேண்டாம்லாம்மா?"

"இன்னைக்கு வேண்டாம்யா. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டேன். வீட்டில் அவ்வளவு பேர் நின்று வெகுநாள் ஆகியிருந்தது, டம்ளர் பத்தவில்லை, எதிர்வீட்டிலிருந்து எடுத்து வந்தோம். உள்ளதைச் சொன்னால் அந்த அரை மணி நேரம் எனக்கு நன்றாக இருந்தது.

பிறகு மகன் தன் போனில் அவளைப் பிடித்துக் கொடுத்தான். எம்மா என்றாள், அதற்கு மேல் அழுகைதான்.

"ஏட்டி, எதுக்கு அழுவுற? நான்தான் இருக்கேன்லா."

"இருட்டா இருந்துச்சும்மா. நான் கத்துதேன், கத்துதேன், நீ பேசவே இல்ல."

"மோட்டார் ஓடிச்சு. கேக்கல."

மூக்கை உறிஞ்சினாள். பிறகு சொன்னாள்: "டிக்கெட் போட்டுட்டேன்மா. இன்னைக்கு சாயந்திரம் ஏறுத மாதிரி. அப்பாவப் பாத்த மாதிரி உன்னயும் கம்ப்யூட்டருக்குள்ள வச்சு பாக்க மாட்டேன்னு அன்னைக்கே நெனச்சு வச்சிருந்தேன்."

கடைசியாக அவள் வந்தபோது அவள் மகனுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. இப்போது அவனுக்கு மீசை அரும்பிவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று. லீவு கிடைக்கவில்லை, வீடு வாங்கியிருக்கிறோம், பிள்ளைக்குப் பரீட்சை. எதுவும் பொய் இல்லை. நானும் ஒரு தரம்கூட வா என்று வற்புறுத்தியதில்லை. வற்புறுத்தி வர வைத்தால் அது வந்ததாகுமா என்று இருப்பேன். அப்படிப்பட்டவள் அரை மணி நேரத்தில் டிக்கெட் போட்டிருக்கிறாள். நான் செத்துவிட்டேன் என்று.

போட்டது போட்டதாக இருக்கட்டும், வந்துவிட்டுப் போ என்பது என் வாய்வரை வந்தது. சுற்றிலும் ஆட்கள். மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"நான்தான் நல்லா இருக்கேனே. கேன்சல் பண்ணிரு. உனக்கு அங்க வேல கெடக்கும்" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. நிம்மதியில் விட்டதா, வேறு எதற்காவது விட்டதா என்று எனக்கு இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை. சரிம்மா, லீவும் இப்ப கஷ்டம்தான் என்றாள். பிறகு, "இனிமே மிஸ்டு கால் மட்டும் வேண்டாம்மா. என்னால தாங்க முடியாது. ஒரு மெசேஜ் போட்டுரு, போதும்" என்றாள்.

சரி என்றேன். 

இப்போது பதினொரு மணிக்கு நான் அடிப்பதில்லை. மெசேஜ் எழுத எனக்கு வராது, அந்தப் பொடி எழுத்தைத் தேடி அமுக்குவதற்குள் அது தானாகவே வேறு எதையோ எழுதிக்கொள்கிறது. பேத்தி ஒரு வழி சொன்னாள். கட்டைவிரல் படம் ஒன்று இருக்கிறதாம், தினமும் அதை ஒரு தடவை அமுக்கினால் போதும், நல்லா இருக்கேன் என்று அத்தைக்குத் தெரிந்துவிடும் என்றாள். காட்டினாள். மஞ்சள் விரல் ஒன்று நிமிர்ந்து நின்றது.

"ஏட்டி, நான் கையெழுத்துப் போடுறவ. இந்த வயசுல என்னய கைநாட்டு வைக்கச் சொல்லுதியா?" என்று கேட்டேன்.

அவளுக்குக் கைநாட்டு என்றால் தெரியவில்லை. விளக்கினேன். சிரித்துவிட்டு, ஒரு சனிக்கிழமை அவளே என் போனில் ஒரு விரலை அமுக்கி அனுப்பினாள். செத்த நேரத்தில் அந்தப் பக்கமிருந்தும் ஒரு விரல் வந்தது. சத்தமே இல்லை. வந்தது எனக்குத் தெரியவே தெரியாது, அவள் காட்டித்தான் பார்த்தேன்.

சமையல் இப்போதும் பதினொன்றுக்கு முடிந்துவிடுகிறது. கை அந்தப் பழக்கத்திலேயே ஓடுகிறது. முடித்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், போனில் ஒன்றும் இருக்காது. அவள் எழுந்திருப்பாள், அலாரம் எழுப்பியிருக்கும். வீட்டைப் பூட்டியிருப்பாள். எல்லாம் இருப்பாள், இருப்பாள் என்றுதான் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேசுகிறோம். அந்த டிக்கெட்டைப் பற்றி அவளும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. அதனால் பேச்சு முன்னைவிடக் குறைந்துவிட்டது. படம் மட்டும் ரொம்பப் பளிச்சென்று தெரிகிறது, அவள் காதோரம் நரை ஓடியிருப்பதுகூட.

பெரிய கம்பெனிமேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. என் விரல் எங்கே போய்ப் பழகியிருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ராஜபாளையத்தில் ஒருத்தி தன் மகளை ஒரு தரம் அடித்து எழுப்பிக்கொண்டிருந்தாள் என்பது அவர்கள் வாங்கிய சாமானில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

மெசேஜ் போடச் சொன்னாள் அல்லவா? இதுதான் என் மெசேஜ். பேத்தியிடம் கோடு போட்ட தாள் வாங்கி, மத்தியானங்களில் உட்கார்ந்து என் கையாலேயே எழுதினேன். எத்தனை தாள் அடித்துத் திருத்தினேன் என்று கேட்க வேண்டாம். இதைப் போட்டோ பிடித்து அப்படியே அனுப்பலாம் என்கிறாள். அத்தைக்கு அனுப்பிவிட்டு, டைப் அடித்து நாலு பேர் வாசிக்கிற மாதிரியும் கொடுக்கலாம் என்கிறாள். கொடுக்கட்டும். இதில் நான் மறைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை.

மகளே, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நன்றாக இருக்கும்போதே ஒரு தரம் வந்துவிட்டுப் போ.

ஏட்டி பேத்தி, உன்னைத்தான், எழுதி முடித்தாகிவிட்டது, இந்தத் தாளைப் பிடி. அந்தப் போனைக் கீழே வை. முதலிலிருந்து சத்தமாக வாசித்துக் காட்டு. கடைசியில் உன் அத்தைக்கு எழுதிய வரி வரும்போது மெதுவாக வாசி. அதை எழுதினேனா, எழுத வேண்டும் என்று நினைத்ததோடு விட்டுவிட்டேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. வாசி, கேட்கிறேன்.